சங்கிலி கழன்ற வளைவு

அஸ்மாராவில் சனிக்கிழமை, காலை ஆறரை.
பனைமர வரிசைக்குக் கீழே
பத்து சைக்கிள், என்னுடையதோடு பதினொன்று.
பந்தயப் பையன்கள் எங்களைக் கடக்கிறார்கள்.
பளபளவென்று ஒரு சீறல்,
அப்புறம் வெறும் காற்று.
நாங்கள் அந்த ரகம் இல்லை.
பேசிக்கொண்டே மிதிக்க முடியாவிட்டால்
அது நம் வேகம் இல்லை என்று
ஒவ்வொரு வாரமும் சொல்கிறேன்;
ஒவ்வொரு வாரமும்
பல் டாக்டர் கிடானே தலையாட்டிவிட்டு
முதல் மேட்டிலேயே முந்துவார்,
கால்சட்டை விளிம்பில்
துணி உலர்த்தும் கிளிப்போடு.

இரண்டு கிலோமீட்டர் ஆகியிருக்காது,
"காப்பி எப்போது?" என்பான் ஒக்பாய்.
ஆக, முதல் நிறுத்தம் அங்கேயே:
நின்றுகொண்டே குடிக்கும் கடை.
பித்தளை மெஷின் பெருமூச்சு விடும்.
தபாலாபீஸில் எடை போடும் மெப்ராத்
சர்க்கரைப் பொட்டலத்தைக் கையில் ஏந்தி
"ஐந்து கிராம்" என்பாள்,
யாரும் கேட்காமலே.
இருபது நிமிடம். விசில். கிளம்பு.

தலைவி என்கிறார்கள் என்னை.
செய்வதெல்லாம் எண்ணுவதுதான்.
வளைவுக்கு முன் எண்ணுவேன், வளைந்தபின் எண்ணுவேன்,
லாரி கடந்தால் எண்ணுவேன்,
கழுதைக் கூட்டம் குறுக்கே போனால்
கழுதைகளையும் சேர்த்து எண்ணிவிட்டு
மறுபடி முதலிலிருந்து.

அன்று மஸாவா சாலையில்
மேட்டுநிலம் சட்டென்று முடிந்து
கீழே மேகம் தொடங்கும் விளிம்பில்
இரண்டாவது காப்பிக்கு இறங்கினோம்.
ஒன்பது.
மறுபடி ஒன்பது.
ரெஸெனே இல்லை.
மூன்று வாரமாக வருகிறவர்,
வணக்கத்துக்கு மேல் ஒரு சொல் உதிர்க்காதவர்,
காணாமல் போனதுகூடச் சத்தமில்லாமல்.

"இங்கேயே இருங்கள், இதோ வருகிறேன்."
வந்த வழியே திரும்பி மிதித்தேன்.
பனிமூட்டம் முகத்தில் ஈரத்துணியாய் ஒட்டியது.
சப்பாத்திக் கள்ளி ஒவ்வொன்றும்
ஆள் குந்தியிருப்பதுபோல் தெரிந்தது.
பள்ளங்களை எட்டிப் பார்த்தேன்.
மனசு என்னென்னவோ கணக்குப் போட்டது.

மூன்றாவது வளைவில் தகரக் கூரை வீடு.
வாசலில் அவர் சைக்கிள்
தலைகீழாய், சக்கரங்கள் வானம் பார்க்க.
உள்ளே முக்காலியில் ரெஸெனே,
கழுவியும் போகாத கிரீஸோடு.
எதிரே ஓர் அம்மாள்
பச்சைக் கொட்டையைக் கரியடுப்பில் வறுத்து
புகையை அவர் பக்கம் விசிறிக்கொண்டிருந்தாள்.
சங்கிலி கழன்றதாம்.
கம்பி கொடுத்தாளாம். சோப்பு கொடுத்தாளாம்.
"நடுவில் எழுந்து வர முடியாது" என்றார்,
தப்புச் செய்தவரைப் போல.

எனக்குத் தெரியாதா?
ஜெபெனா மூன்று முறை பொங்க வேண்டும்.
பாதியில் எழுபவர்
வீட்டுக்காரியைக் குறை சொல்லிவிட்டுப் போகிறார்.
"ஒரே ஒரு கோப்பை" என்று உட்கார்ந்தேன்.
அம்மாள் நம்பவில்லை,
சோளப்பொரியை என் பக்கம் தள்ளினாள்.

இரண்டாவது சுற்று இறங்கும்போது
வெளியே பிரேக் அலறியது.
கிடானே. பின்னால் மெப்ராத். பிறகு
அண்ணனின் உயரமான சைக்கிளிலிருந்து
குதித்துத்தான் இறங்க முடிகிற ஹேவான்.
"போனது ஒன்று, தேடப் போனது இன்னொன்று.
உன்னை யார் எண்ணுவது?"
சிடுசிடுத்தபடியே
ஷூவைக் கழற்றினாள் மெப்ராத்.
கடைசியாய் ஒக்பாய்
வாசலில் நின்று மோந்து பார்த்தான்,
நாங்கள் எல்லோரும் சேர்ந்து
அவனை ஏமாற்றிவிட்டது போல.

கோப்பை ஆறுதான் இருந்தது.
கழுவிக் கழுவிக் கை மாறியது.
மூன்றாவது சுற்றுக்கு
ஆசீர்வாதம் என்று பேர்;
நிறம் மட்டும் மிச்சமிருக்கும் தண்ணீர்.
அப்போதுதான் ரெஸெனே பேசினார்:
அம்மாளின் கதவுக் கீல் கிறீச்சிடுகிறதாம்,
அடுத்த வாரம் எண்ணெய் கொண்டுவருகிறாராம்.
ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக்
கோப்பைக்குள் குனிந்துகொண்டார்.
விசில் என் சட்டைப்பையில் இருந்தது.
எடுக்கவில்லை.

அடுத்த சனி, அதே வளைவு.
"ஐயோ, என் சங்கிலி!" என்று கத்தினான் ஒக்பாய்.
குனிந்து பார்த்தேன்.
பல்லில் பல்லாய்ப் பொருந்தி
ஒழுங்காக இருந்தது சங்கிலி.
டாக்டரைக் கூப்பிட்டேன்.
கிடானே கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
ஒவ்வொரு பல்லாய்ப் பார்த்தார்,
ஆற அமர.
"கழன்றுதான் இருக்கிறது" என்றார்.